ஸ்ரீவைகுண்டம் ஏன் தொலைந்தது?

தாமிரபரணியின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழையும் கடந்து வரும் ஆறு, எட்டாவதாக ஸ்ரீவைகுண்டத்தில் தடுக்கப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், பாசனப் பரப்பு குறித்து ஆராய்ந்த மாணவர் ஒருவர் இரு பட்டியல்களுடன் என்னிடம் வந்தார். ஒன்றில் அணைக்கட்டு வாரியாகப் பாசன நிலம். மற்றொன்றில் அணைக்கட்டு வாரியாக மகசூல். இரண்டையும் பெயரை வைத்து ஒன்றாக இணைக்குமாறு கணினிக்கு ஆணையிட்டால் ஏழு வரிகள்தாம் வந்தன. கடைசி அணைக்கட்டைக் காணவில்லை.

இரு பட்டியல்களிலும் ஸ்ரீவைகுண்டம் இருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே தெரிந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று கணினி பிடிவாதமாக நின்றது. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர்தான் கடைசியில் வரும் என்று நினைத்திருந்தோம். புள்ளிவிவரமும் வரவில்லை.

காரணத்தைத் தேடியபோது அது ஓர் எழுத்தின் தலைமீதுள்ள புள்ளியைச் சுற்றிய சிக்கல் என்று தெரிந்தது. அதை விளங்கிக்கொள்ள, கணினி தமிழை எவ்வாறு நினைவில் வைக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண்ணை வழங்கும் பொது ஏற்பாடே ஒருங்குறி என்னும் யூனிகோடு. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுக்கப்பட்ட 'இஸ்கி' என்னும் குறியேற்றத்தின் வரிசையை ஒட்டி இந்த ஒதுக்கீடு அமைந்தது. அந்த முறையில் அகரமேறிய ககரத்துக்கு ஓர் எண் உண்டு, அது 2965. மெய்யெழுத்தாகிய 'க்' என்பதற்குத் தனி எண் இல்லை. ககரத்தின் எண்ணை அடுத்துப் புள்ளியின் எண்ணாகிய 3021-ஐ இட்டால் அது 'க்' ஆகும். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக்கொக்கி, ழகரம், புள்ளி என ஐந்து எண்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறித் தமிழில் 70 குறிகளே அடங்கும். அந்த எழுபதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றாக எண்ணப்படும். புள்ளியைத் தனிக்குறியாக்கியது தவறு, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் நெடுங்காலம் வாதிட்டனர். அந்த வாதத்தின் பயனாக உருவானதே 'டேஸ்-16' எனப்படும் அனைத்து எழுத்துக் குறியேற்றம். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16-ஐயும் தரங்களாக அறிவித்தது. ஆயினும் உலகெங்கும் உள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒருங்குறியின் வழியே சென்றன. எல்லோரும் பயன்படுத்துவதாலேயே ஒரு தரம் மேலும் பயன்படத்தக்கதாகிறது. இதைப் பொருளியலில் வலைப்பின்னல் விளைவு என்பர். சிறந்த தரம் எது என்ற கேள்வியைவிட, எல்லோரிடமும் உள்ள தரம் எது என்ற கேள்வியே இறுதியில் வென்றது. அதன்பின் ஒருமுறை அளித்த எண்ணையும் பெயரையும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதியான கொள்கை.

ஒருங்குறிப் பட்டியலில் நம் புள்ளிக்கு இடப்பட்ட பெயர் 'விராமம்'. இது வடமொழி மரபிலிருந்து வந்த பெயர். அங்கே அதன் வேலையும் வேறு. தேவநாகரி போன்ற எழுத்துமுறைகளில் விராமம் பெரும்பாலும் இரு மெய்களை ஒட்டவைத்துக் கூட்டெழுத்தாக்கிவிட்டுத் தான் மறைந்துவிடும். தமிழ்ப் புள்ளியோ மறையாது. மெய்யின் தலைமீது எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். தமிழ் எழுத்தில் புள்ளி தன் வடிவை இழந்து கூட்டெழுத்துக்குள் கரைவது வழக்கில் இரண்டே இடங்களில்தான். ஒன்று 'க்ஷ', மற்றொன்று 'ஸ்ரீ'. இரண்டுமே கிரந்த மரபு வழியாகத் தமிழுக்கு வந்தவை.

நாங்கள் தொலைத்த ஊர் இந்த இரண்டாவது இடத்தில்தான் தொலைந்தது. தொடக்கத்தில் 'ஸ்ரீ' என்பதை ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக்கொக்கி என்ற நான்கு குறிகளால் எழுதினர்; எண்களாகச் சொன்னால் 3000, 3021, 2992, 3008. பின்னர் 2005-இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து 2998 என்ற எண்ணுடன் புதிதாகச் சேர்ந்தது. வடமொழி உச்சரிப்புப்படி 'ஸ்ரீ' உண்மையில் இந்த எழுத்தைக் கொண்டே தொடங்க வேண்டும் என்பதால், அதன்பின் வந்த சில மென்பொருள்கள் முதல் எண்ணாக 2998-ஐ இடத் தொடங்கின. திரையில் இரண்டுக்கும் ஒரே கூட்டெழுத்துதான் தோன்றும். மாணவரின் ஒரு பட்டியல் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டது; மற்றது கைப்பேசியில். ஒன்றில் 3000, மற்றதில் 2998. புள்ளி வெளியே தெரிந்திருந்தால் அதற்கு முன் நிற்பது ஸகரமா, மற்றதா என்று கண்ணே காட்டிக் கொடுத்திருக்கும். புள்ளி கரைந்துவிட்டதால் சான்றும் கரைந்துவிட்டது.

புள்ளி மறைவதும் அதனால் வாசிப்பு தடுமாறுவதும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. சீவலப்பேரி அருகேயுள்ள மறுகால்தலையில், பாறைக் குகையொன்றில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. காசிபன் என்பவர் அமைத்துக் கொடுத்த கற்படுக்கையைப் பற்றியது அது. பிராமி எழுத்தில் ஒவ்வொரு மெய்க்குறியும் அகரத்தைத் தன்னுள் கொண்டது. பிராகிருத மொழிக்கு அது பொருந்தியது. கல், மண், வேள் என மெய்யில் முடியும் சொற்கள் நிறைந்த தமிழுக்கு அது போதவில்லை. 'கல' என்று வெட்டியிருந்தால் அது 'கல'வா, 'கல்'லா?

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தமிழர் மேற்கொண்ட முயற்சிகளை ஐராவதம் மகாதேவன், 2003-இல் வெளிவந்த தம் பெருநூலில் மூன்று முறைகளாக வகைப்படுத்தினார். முதல் முறையில் வெறும் குறி மெய்யைக் குறித்தது. அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே பக்கக்கோடு இடப்பட்டது. இரண்டாம் முறையில் பக்கக்கோடு ஆகாரத்துக்கு மட்டும் உரியதாயிற்று. வெறும் குறி மெய்யா, அகரமேறியதா என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் முறையில் புள்ளி வந்தது, ஐயம் தீர்ந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் இதற்கு விதி வகுத்தது.

விதி இருந்தும் ஓலையில் புள்ளி நிலைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பழுதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 'கொல' என்று ஏட்டில் இருந்தால் அது கொல், கோல், கொல, கோல என நான்கில் எதுவாகவும் இருக்கலாம். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால் குழப்பம் பெருகியது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்து பத்துப்பாட்டுப் பிரதியைக் கண்டெடுத்தார். ஏட்டைக் கண்டெடுத்தது பாதி வேலைதான். புள்ளியில்லாத வரியில் எங்கே புள்ளி, எது குறில், எது நெடில் என்று தீர்மானித்தது மறுபாதி. புள்ளி இட மறுத்தவர் மிச்சப்படுத்திய உழைப்பை, பல நூற்றாண்டு கழித்து வாசித்தவர் வட்டியுடன் செலுத்தினார் என்று ஒரு பொருளியல் ஆசிரியன் சொல்லக்கூடும். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வடிவத்தாலேயே பிரித்துக்காட்டும் சீர்திருத்தம், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருடையது என்பர். அதன்பின் புள்ளி, மெய்யைக் குறிக்கும் ஒரே வேலைக்கு உரியதாயிற்று. அச்சு பரவியபின் அது மீண்டும் நிலைபெற்றது.

கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்றும் முயற்சியில் இதே புள்ளி மீண்டும் ஒருமுறை விடுபட்டது. 2010-இல் வெளியான ஒருங்குறி 6.0 பதிப்பில் பிராமி எழுத்து சேர்ந்தது. அதில் தமிழுக்கே உரிய ழகர, றகர, னகரங்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் 69702 என்ற எண்ணில் வைக்கப்பட்ட விராமம், மெய்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வடபுல விராமம். அதை இட்டால், புள்ளியுடன் நிற்க வேண்டிய தமிழ் மெய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எகர ஒகரக் குறில்களுக்கும் இடமில்லை. பதினோராண்டுகளுக்குப்பின், 2021-இல் வெளியான 14.0 பதிப்பில்தான் பழந்தமிழுக்கென ஆறு குறிகள் கூடுதலாகச் சேர்ந்தன. அவற்றுள் முதலாவது, 69744 என்ற எண்ணில் அமைந்த பழந்தமிழ்ப் புள்ளி. மற்றவை எகர ஒகரக் குறில்களும் அவற்றின் உயிர்மெய்க் குறிகளும் ஒரு ளகரமும் ஆகும்.

இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிராமியில் இருவேறு வேலை செய்யும் குறிகளுக்கு ஒரே எண் இருந்தது. அதனால் தமிழ் வாசகத்தை உள்ளபடி எழுத முடியவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரே எழுத்துக்கு இரு எண்கோவைகள் இருந்தன. அதனால் எழுதியதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் பிழையைத் தரம் வகுப்போர் தீர்க்க வேண்டும், தீர்த்துவிட்டனர். இரண்டாவதைத் தரத்தைப் பயன்படுத்துவோர் தீர்க்க வேண்டும். அங்கேதான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

இந்த இடர் நமக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. உயிரெழுத்தின் கீழ் ஒரு புள்ளி ஒலியை மாற்றும். மேலே இடும் சாய்கோடு தொனியைக் காட்டும். ஏறத்தாழ 'ஒக்கொ' என ஒலிக்கும் ஒரே எழுத்துக்கோவை, தொனிக்குறிகளைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, ஊர்தி, ஈட்டி என நான்கு பொருள் தரும். கீழ்ப்புள்ளியும் மேற்கோடும் கொண்ட ஓர் எழுத்தைக் கணினியில் மூன்று விதமாகச் சேமிக்கலாம்: மூன்று உறுப்புகளையும் தனித்தனியே இடலாம், கீழ்ப்புள்ளியுடன் கூடிய எழுத்தை எடுத்து மேற்கோட்டைச் சேர்க்கலாம், மேற்கோட்டுடன் கூடியதை எடுத்துக் கீழ்ப்புள்ளியைச் சேர்க்கலாம். திரையில் மூன்றும் ஒன்றே. அதே பகுதியில் மாண்டிங் மொழிகளுக்காகச் சோலமானா கான்தே 1949-இல் உருவாக்கிய 'ங்கோ' எழுத்துமுறை, 2006-இல் ஒருங்குறியில் சேர்ந்தபோது, அதன் தொனிக்குறிகள் ஏழும் தனித்தனி எண்களுடனேயே சேர்க்கப்பட்டன.

யொரூபா மொழியின் மூவித எழுத்துகளுக்கு ஒருங்குறியிலேயே மருந்து உண்டு. அவை மூன்றும் சமமானவை என்று தரமே அறிவித்திருக்கிறது. 'சீராக்கம்' என்னும் எளிய செயல்பாட்டால் மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். தமிழிலும் இப்படி உண்டு. நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள கொக்கிரகுளத்தின் 'கொ'வை, ககரத்துடன் ஒற்றைக் குறியாகிய 'ொ'வைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். சீராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'ஸ்ரீ'க்கு அந்த மருந்து வேலை செய்யாது. இரண்டும் வேறு எழுத்துகள் என்பதால் சீராக்கம் அவற்றைத் தொடாது. இரு வடிவங்களும் பரவலாக வழங்குவதால் அவற்றைச் சமமாகக் கருதுங்கள் என்று ஒருங்குறி நூல் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியவர் மென்பொருளை எழுதுபவர். 'கௌரி' என்பதைக் 'கெ'வும் 'ள'வும் கொண்டு எழுதுவதும் இத்தகையதே. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. துணைக்காலுக்குப் பதில் ரகரம் இடுவதும் அப்படியே. ஓலைக்காலக் குழப்பம் திரையிலும் தொடர்கிறது.

இதெல்லாம் எழுத்து வல்லுநர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டா, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் எனக் குடிமகனின் வாழ்வு இப்போது பட்டியல்களில் இருக்கிறது. ஒரு பட்டியலை மற்றொன்றுடன் கணினி பெயரை வைத்து ஒப்பிடும் இடங்களிலெல்லாம், ஸ்ரீதரனும் ஸ்ரீதேவியும் கௌரியும் கௌசல்யாவும் எந்தத் தவறும் செய்யாமலேயே 'பொருந்தவில்லை' என்ற விடையைப் பெறக்கூடும். இரு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, "இரண்டும் ஒன்றுதானே ஐயா?" என்று அவர்கள் கேட்டால், எதிரே இருக்கும் அலுவலர் கண்ணுக்கும் அவை ஒன்றாகத்தான் தெரியும். வேறுபாட்டை இருவராலும் காண முடியாது என்பதே இதன் கொடுமை.

தீர்வு அரிதன்று. முதலாவது, தமிழில் பெயரைப் பெறும் ஒவ்வோர் அரசு மென்பொருளும் சேமிக்கும் முன் சீராக்கம் செய்ய வேண்டும்; பல கணினி மொழிகளில் இது ஒற்றை வரி ஆணை. இரண்டாவது, சீராக்கத்தில் அடங்காத ஸ்ரீ, ஔகாரம், துணைக்கால் போன்றவற்றுக்கு ஒரு சமன்பாட்டுப் பட்டியல் வேண்டும். தேடும்போதும் ஒப்பிடும்போதும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். 2001 முதல் இயங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இதை வெளியிட்டுக் காலந்தோறும் புதுப்பிக்கலாம். மூன்றாவது, விசைப்பலகை ஒரே வடிவத்தையே தர வேண்டும். 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இதற்கு நல்ல முன்மாதிரி: ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளியைத் தானே இட்டுவிடும். தட்டச்சு செய்பவர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை. இலக்கணத்தைத் தானே கற்றுக்கொண்டது. நான்காவது, ஊர்களை இணைக்கும்போது பெயரைவிட, மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு கிராமத்துக்கும் வழங்கியுள்ள எண்ணைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆனால் செய்தவருக்குத் தனி இலாபமும் இல்லை. பயன் எல்லோருக்கும் பரவிப்போகும். ஆற்றின் கரையைப் போல இதுவும் ஒரு பொதுப்பண்டம். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்தால் உடைப்பு கடைமடையில் தெரியும். எனவே இது அரசு செய்ய வேண்டிய வேலை.

அன்று என் மாணவர் இரு பட்டியல்களிலும் அந்த ஊரின் பெயரை அழித்துவிட்டு, ஒரே விசைப்பலகையில் மீண்டும் தட்டினார். எட்டாவது வரி வந்தது. பாசனப் பரப்பும் மகசூலும் கூட்டுத்தொகையும் மாறின. எட்டே வரிகள் இருந்ததால் விடுபட்டதை நாங்கள் கவனித்தோம். எட்டு இலட்சம் வரிகள் கொண்ட பட்டியலில் ஸ்ரீவைகுண்டம் இல்லை என்பதை யார் கவனிப்பார்கள்?

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).